எட்டாம் எலி

மூன்று மாதச் சுண்டெலியின் ஈரல்
ஒழுங்கான அலுவலகம்.
பேச வேண்டிய மரபணு பேசும்,
மற்றவை வாய் திறக்காது.

இருபத்தெட்டாம் மாதத்தில் அப்படி இல்லை.
முதுமை என்றால் ஒவ்வொன்றாய் அடங்குவது என்று
இந்த வேலைக்கு வரும்வரை நினைத்திருந்தேன்.
அடங்குவதும் உண்டுதான்:
செல்லுக்குச் சக்தி சமைப்பவை குரல் தாழ்த்தும்,
நீளமான மரபணுக்கள் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும்.
ஆனால் அதைவிடக் கூச்சல் அதிகம்.
கிருமியே இல்லாத இடத்தில்
காவலாளி விசில் ஊதிக்கொண்டே இருக்கிறான்.
ஒட்டி உட்கார்ந்த இரண்டு செல்கள்
ஒரே கடிதத்தை
இரண்டு விதமாய் வாசிக்கின்றன.

பயோபோலிஸ் ஐந்தாம் மாடியில்
வெய் ஜியே திரையில் விரித்தான்
சிவப்பும் நீலமுமாய்ப் பத்தி பத்தியாக.
இடப்பக்கம் இளசு. வலப்பக்கம் கிழடு.
கிழட்டுக் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு பத்தி
இளசின் நிறத்தில் நின்றது.

எட்டாம் எலி.

டாக்டர் சியா தானே கீழே இறங்கிப் போய்
எல்லோருக்கும் கோப்பி வாங்கி வந்தார்,
எனக்கு மறக்காமல் ஓ கொசோங்.
என்ன தின்றது? எந்தக் கூண்டு? சக்கரத்தில் ஓடியதா?
விலங்குக்கூடத்து ஸைத்தூனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.
"எட்டா? சும்மா தூங்கும்.
வாலில் ஒரு காயம். அவ்வளவுதான்."
அந்தக் காயத்தையும் குறித்துக்கொண்டார்கள்.

இடப்பக்கத்திலும் ஒரு பத்தி பிசகியிருந்தது:
மூன்றாம் எலி, மூன்றே மாதம்,
ஈரல் முழுக்கக் கிழட்டுக் கூச்சல்.
அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
'ஏதோ நோய்' என்று நட்சத்திரக்குறி போட்டு
அடிக்குறிப்பில் இறக்கினான் வெய் ஜியே.

எனக்குத்தான் அந்த நட்சத்திரம் உறுத்தியது.

எல்லோரும் போன பிறகு
மைனஸ் எண்பதின் கதவைத் திறந்தேன்.
வெண்புகை முழங்காலில் விழுந்தது.
போன வாரம் முஸ்தபாவில் வாங்கிய கண்ணாடி,
பவர் ஒன்றரை, இரண்டு ஜோடி ஒன்பது வெள்ளி.
அதைப் போட்டுக்கொண்டு
பெருவிரலால் குழாய் மூடியின் பனியைத் துடைத்தேன்.

மூடியில் 8.
என் பட்டியலில் 3.

இன்னொரு மூடியையும் துடைத்தேன்.
வேண்டாம் என்றிருந்தது, துடைத்தேன்.
அங்கே 3, பட்டியலில் 8.

ஜூன் மாதம் அந்தப் பட்டியலை எழுதியபோது
என்னிடம் கண்ணாடி இல்லை. கை இருந்தது,
நீட்டிப் பிடித்துப் படிக்கும் அளவுக்கு
நீளமான கை.
எட்டு எனக்கு எட்டவில்லை,
வேறொன்றும் நடக்கவில்லை.

கண்வில்லையின் நடுவே உள்ள செல்களில்
உட்கருவே கிடையாது.
ஒளிக்கு வழிவிட, நான் பிறக்கும் முன்பே
கழித்துப் போட்டுவிட்டன.
பேச மரபணு இல்லை, உளறவும் இல்லை.
நாற்பத்தேழு வருடமாய்
சத்தமில்லாமல் இறுகி வந்திருக்கிறது.
எங்கள் இயந்திரத்தில் போட்டால்
அதன் பத்தி வெற்றாய்த்தான் இருக்கும்.

பனியில் வைத்த விரல் மரத்துப் போனது.
ஒரு நிமிடம், ஒரே நிமிடம்,
மூடிகளைத் திரும்ப வைத்துவிட்டுப்
போய்விடலாம் என்றும் தோன்றியது.
நாளை காலையும் கோப்பி வாங்கி வருவார் டாக்டர்.

புவன விஸ்தா நடைமேடையில் நின்று அடித்தேன்:
எட்டும் மூன்றும் மாறிவிட்டன. பிழை என்னுடையது.
நீல டிக் விழுந்தது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.
கிழக்கே போகும் ரயில் ஒன்று வந்து போனது.
ஏறவில்லை.

வெய் ஜியே மட்டும் கேட்டான்:
அப்போ மூன்று நன்றாகத்தான் இருந்ததா?

எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு பதில் அடித்தேன்.
ஆமாம்.
நன்றாக இருந்தது.
மூன்று மாதம்.