மறு அறிவித்தல் வரை

சுற்றறிக்கை வெள்ளிக்கிழமை வந்தது.
சிங்களத்தில் ஒன்றரைப் பக்கம்,
தமிழில் முக்கால்.
மிச்சப் பக்கத்தில் என்ன இருந்ததென்று கேட்க
மேலதிகாரி லீவில்.

தடை என்று அதில் எழுதவில்லை.
தடை வரலாம் என்றும் எழுதவில்லை.
மறு அறிவித்தல் வரை புதிய உரிமம் இல்லை,
பழைய உரிமக்காரர் ஆயுதத்தோடு வரவேண்டும்,
அவ்வளவுதான்.
திங்கட்கிழமை கச்சேரி திறக்க முன்னமே
வாங்கு நிரம்பிவிட்டது.

கொடிகாமத்து அன்னலிங்கம் முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.
பதினாறு மாதமாக இந்த மூன்றாம் கவுண்டரில்
எனக்குப் பழகிய முகம்.
கிராம அலுவலர் கடிதம், கமநலக் கடிதம்,
பொலிஸ் அறிக்கை,
புத்தி சரியென்று டொக்டர் தந்த துண்டு,
எல்லாம் கோப்பில் இருக்கிறது.
ஒரு கையெழுத்துத்தான் பாக்கி.
நூற்றிருபது தென்னை.
குரும்பையிலேயே பிடுங்கி எறிகிற குரங்குகளைப் பற்றி
அவர் சொல்லும்போது
பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லை வழக்குப் போலிருக்கும்.

இரண்டு மாடு வித்த காசு
கொழும்புக் கடையில் முற்பணமாய்க் கிடக்கிறது.
ஒற்றைக்குழல். அவருடைய பெயர் எழுதிய மட்டை
விசையில் தொங்குதாம்; போனில் படம் காட்டினார்,
பேரப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.
காசைத் திருப்பிக் கேட்டால் கடைக்காரன் சொல்கிறானாம்:
தடை வந்தால் தரலாம், இன்னும் வரேல்லையே.
"அப்ப தடை எண்டாலும் போடச் சொல்லு பிள்ளை,
காசாவது மிஞ்சும்."

அவருக்குப் பக்கத்தில் இளவாலை எமிலியானுஸ்,
வயது எண்பத்தொன்று.
பதிவேட்டில் அவர் பெயரில் ஒரு துவக்கு உண்டு,
இலக்கம் சரி, உரிமக் கட்டணம் அறுபத்தெட்டிலிருந்து.
கொண்டுவாருங்கள் என்று கடிதம் போட்டது நான்தான்.
அவர் கொண்டுவந்தது ஒரு பிஸ்கட் ரின்.
உள்ளே, கொப்பித்தாள் கிழித்து
போல்பொயின்ற் பேனையால் எழுதிய ரசீது:
பெற்றுக்கொண்டோம், துவக்கு ஒன்று, தோட்டா பதினொன்று.
எண்பத்தைந்து ஆவணி.
எந்த இயக்கமென்ற இடத்தில்
மழை பட்டு ஊதா மை பரவியிருந்தது.
"பெடியள் மரியாதையாத்தான் கேட்டவங்கள்.
தேத்தண்ணியும் குடிச்சவங்கள்."

அந்தத் துவக்கை ஒப்படைக்காவிட்டால்
இரண்டாம் கடிதம் தானாகவே போகும்.
மூன்றாவது நீதிமன்றத்துக்கு.
கணினி அப்படி.

இல்லாத துவக்குக்குப் பதில் சொல்ல ஒருவர்,
வராத துவக்குக்குக் காசு கட்டிய ஒருவர்.
ஒரே வாங்கில் இருந்து
மழையைப் பற்றிக் கதைத்தார்கள்.

உண்மையான துவக்கோடு வந்தது
தவமலர் மட்டும்.
புருஷனின் சாரத்தில் சுற்றி,
ஓட்டோவில், குழல் வெளியே தெரிய.
காவல்காரன் பயந்துவிட்டான்.
அவ பயப்படவில்லை.
நான் இலக்கம் பார்த்தேன், எழுதினேன், ரசீது கொடுத்தேன்.
போகவில்லை, நின்றா.
"உந்தத் தோல்வாரை மட்டும் வைச்சிருக்கலாமோ?
அவர் தோளிலை போட்டு வழுவழுத்துப் போனது."
படிவத்தில் வாருக்குக் கோடு இல்லை.
கோடு இல்லாததைப் பறிக்க எனக்கு அதிகாரமும் இல்லை
என்று நினைத்துக்கொண்டேன்.
கழற்றித் தரும்போது
வாசலைத்தான் பார்த்தேன்.

மாலை பதிவேட்டில்
'தற்போதைய நிலை' என்ற கட்டத்தில்
எமிலியானுஸுக்கு எழுதினேன்: கைவசம் இல்லை.
கணினி ஏற்கவில்லை.
அன்னலிங்கத்துக்குக் கட்டமே கிடையாது,
அவர் இன்னும் உரிமையாளர் இல்லை.

அடுத்த ஞாயிறு கொடிகாமம் தாண்டிப் போனேன்.
சந்தையடியில் பஸ் நிற்க
தென்னங்காணிக்குள் பெரிய வெடியொன்று.
யாரோ குரங்குக்குக் கொளுத்திய சீனவெடி.
பஸ்ஸில் நாற்பது வயதுக்கு மேலே எல்லோரும்
ஒன்றாய்த் தலை குனிந்தோம்,
நடத்துநர்கூட, ரிக்கற்றுகளோடு.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன்.
வட்டுக்குள் இருந்த குரங்கு
அசையவே இல்லை.