பின்னிணைப்பு ஏழு

பேலியகொடையில் மழை. பாலத்தின் நடுவில்
எதுவும் அசையவில்லை.
இந்த நெரிசலை எனக்குத் தெரியும்.
ஆண்டுக்கு ஐந்தரை வீத வளர்ச்சி என்று
தொண்ணூற்றேழில் எழுதியவள் நான்,
பின்னிணைப்பு ஏழு, அட்டவணை மூன்று.
கொஞ்சம் குறைத்து எழுதிவிட்டேன்.

அப்போது கோட்டையில் எங்கள் கந்தோர் யன்னல்களுக்குக்
கண்ணாடி இல்லை. பலகை அடித்திருந்தார்கள்.
இடுக்கால் விழும் வெளிச்சத்தில்
இருபத்தைந்து வருடத்துக்கு அப்பாலிருந்த ஒரு நாட்டைக்
கட்டங்கட்டமாக நிரப்பினேன்.
ஒன்றைத் தொட்டால் முப்பது மாறும்.
அடுத்த தெருவுக்குப் போகலாமா என்று தெரியாத நாட்களில்
இரண்டாயிரத்து இருபத்திரண்டின் டீசல் விலையை ஊகிப்பது
ஒரு வகை ஓய்வு.

பம்பலப்பிட்டிச் சந்தியில் பையைத் திறக்கச் சொன்னான்.
சாப்பாட்டுப் பெட்டி. குடை. அடையாள அட்டை. பொலிஸ் பதிவுத் துண்டு.
எல்லாவற்றுக்கும் கீழே
மடித்து வைத்த பாலம்.
எந்தத் தூண் எங்கே நிற்கும், எவ்வளவு தாங்கும்,
சிவப்பு மையில் என் கையெழுத்து.
"இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?"
"காசு தேடப் போகிறேன்" என்றேன், சிங்களத்தில்,
இலக்கணப் பிழை இல்லாமல்.
நான்கு மணி நேரம் வாங்கில் இருந்தேன்.
விஜேகோன் ஐயா வந்து ஒப்பமிட்டு மீட்டார்.
காரில் ஒரே ஒரு வார்த்தை:
"படங்களை இனி பெரோஸாவிடம் கொடுத்தனுப்பு."
மறுநாள் கடன் தருபவர்கள் கேட்டார்கள்,
இந்தத் திட்டத்தின் ஆபத்துகள் என்னென்ன.
மண், வெள்ளம், நாணய மாற்று,
ஒப்பந்தகாரரின் தாமதம் என்று வாசித்தேன்.
படிவத்தில் வேறு வரி இல்லை.

வந்தவர்களில் ஒருவர் தேநீர் என்னிடம் கேட்டார்.
ஊற்றிக் கொடுத்தேன். சீனி எத்தனை என்றும் கேட்டேன்.
பிறகு எதிரில் அமர்ந்து வட்டியில் கால் வீதம் குறைத்தேன்.
கடன் தீரும்வரை கணக்குப் பார்த்தால்
அந்தக் கோப்பையின் விலை பதினொரு கோடி.
வீடு வரை சிரித்துக்கொண்டே போனேன்.

பாலத்துக்கு ஏழு வருடச் சலுகைக்காலம் வாங்கினேன்.
மகள் பிறந்தபோது எனக்கு எண்பத்துநான்கு நாள்.
எண்பத்தைந்தாம் நாள்
பால் கசிந்த சட்டைமேல் ஒப்பந்தத்தை அணைத்தபடி
செயலாளரோடு லிப்டில் ஏறினேன்.
"குளிருதா?"
"ஓம், சேர்."

பதில் முகாமையாளர் என்ற பலகை
என் கதவில் ஆறு வருடம் தொங்கியது.
கேள்வி எதுவென்று ஒருவரும் சொல்லவில்லை.
பிறகு 'பதில்' என்பதை மட்டும் சுரண்டி எடுத்தார்கள்,
இன்றும் அந்த இடத்தில் பசை.

பிறகு வந்தது அந்தச் சித்திரை.
டீசலுக்கு மூன்று நாள் வரிசை.
பழைய கோப்பைத் தேடி என் கட்டத்தைப் பார்த்தேன்.
ஐந்து மடங்கு பிழை.
மின்வெட்டில் கைபேசி வெளிச்சத்தில் எழுதினேன்:
மதிப்புக்குரியீர், இத்தவணையைச் செலுத்த இயலாதிருக்கிறோம்.
'வருந்துகிறோம்' என்று போட்டேன். வெட்டினேன்.
மறுபடி போட்டேன்.

அடுத்த மாதம் எனக்கு அறுபது.
கேக், ஒரு வெள்ளித் தட்டு, பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
கடனுக்கு, மறுசீரமைத்த பிறகு,
இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.
யார் அதைப் பார்ப்பார்கள் என்று
இரவில் சில வேளை யோசிக்கிறேன், ஏதோ
அடுப்பை அணைக்காமல் வந்தவள் போல.

இன்பராசா ஹோர்னில் கையை ஊன்றுகிறான்.
"இதக் கட்டினவனுக்கு மூளை இருந்திருந்தா
ஒரு பாதை கூட்டிப் போட்டிருப்பான், மேடம்."

போட்டிருந்தார்கள். வரைபடத்தில் நான்கு.
நான்காவதை விட்டுக்கொடுத்தால்
வட்டியில் கால் வீதம் குறைப்போம் என்றார்கள்.
தேநீர் ஆறும் முன்பே சரி என்றேன்.

துடைப்பான் போகிறது, வருகிறது.
"இருந்திருக்கலாம்" என்கிறேன்.

முன்னால் ஒரு லொறி
அரை அடி நகர்கிறது.