கண் சிமிட்டாதீங்க

தோட்டப்பாளையத்தில் என் ஸ்டூடியோவுக்கு
நாளைக்கு நாற்பது முகம் வரும்,
பாதிக்குமேல் ஆஸ்பத்திரியிலிருந்து.
மோவாயைத் தூக்குங்க. கண் சிமிட்டாதீங்க.
சொன்னபடி கேட்பார்கள்.

முட்டத்துப் பாறைமேல் மூன்று நாள் நின்றேன்.
அலை ஒன்றும் கேட்கவில்லை.
விரல் அழுத்தும்போது சும்மா கிடந்தது;
லென்ஸ் துடைக்கக் குனிந்தேன்,
ஆளுயரம் எழுந்து அடித்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு படம்.
பாதி, வெறும் ஈரப் பாறை.

கணினியில் தள்ளித் தள்ளிப் பார்த்த நஸ்ரின்
'எல்லாம் ஒண்ணுதானேண்ணா' என்றாள்.
அப்புறம் ஒன்றில் நின்றாள்.
அலை போய்விட்டது.
இடுக்குகள் வழியே
வெள்ளை வெள்ளையாய் இறங்குகிறது மிச்ச நீர்.
'இதுல மட்டும் சத்தம் வருது.'

அதைப் பெரிதாக்கி மாட்டினேன்,
உட்காருபவர் பார்வைக்கு நேர் எதிரே.

நேற்று ஒருவர். மால்டா பக்கத்துக்காரர்.
மூக்கில் குழாய்,
சட்டைப் பித்தான் மாற்றிப் போட்டிருந்தார்.
படத்தைக் காட்டி
எவ்வளவு தூரம் என்று கையால் கேட்டார்.
வெளியே கத்திரி வெயில்.
பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லை.
பக்கம்தான் என்று
நானும் கையால் சொன்னேன்.

சிமிட்டிவிட்டார்.
இன்னொன்று எடுத்தேன்.