திரும்பி வந்தவை

வ்ரோத்ஸ்வாஃபுக்கு வெளியே
நெடுஞ்சாலை வளைகிற இடத்தில் எங்கள் கிடங்கு.
விற்றுப் போவது முன்கதவு வழியே போகும்.
பிடிக்காமல் திரும்புவது
எங்கள் பக்கம் வரும்.

நவம்பர் முழுக்கத் தோளும் கழுத்தும்தான்.
தோளைப் பின்னுக்கு இழுக்கும் எட்டு வடிவ வார்கள்,
தாடையை ஏந்தும் பஞ்சு வளையங்கள்,
பிடரியில் ஒட்டிக்கொண்டு
குனிந்தால் அதிரும் வெள்ளைச் சில்லுகள்.

காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
அக்குளை அறுக்கிறது.
கணவர் சிரிக்கிறார்.
செல்லோ வாசிக்கையில் விடாமல் அதிர்கிறது,
மூன்றாம் வரிசை வரை கேட்கிறதாம்.
நிமிர்ந்து பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை.
ஒருவர் எதுவுமே எழுதாமல்
வாரைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தார்.

போக்னா வார்களை முகர்ந்து பிரிப்பாள்:
மறுபடி விற்கலாம், விற்கக் கூடாது.
சில்லுகள் என் பங்கு.
எட்டு மணி நேரம் கூனிக் கிடந்து
நிமிர்த்தும் கருவிகளைச் சோதிக்கிறேன்.
செவெரினிடம் இதைச் சொன்னேன்.
மேலாளர் அல்லவா, சிரிக்கவில்லை;
என் நாற்காலியை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டுப் போனார்.

ஒவ்வொரு சில்லுக்கும் ஞாபகம் உண்டு:
எப்போது குனிந்தார், எத்தனை பாகை, எவ்வளவு நேரம்.
அழித்துவிட்டுத்தான் புதுப் பெட்டியில் போட வேண்டும்.
பார்க்கத் தேவையில்லை.
பார்ப்பேன்.

ஒல்ஸ்டினிலிருந்து ஒன்று.
படுக்கையிலும் கழற்றாத ஆள்.
பகலெல்லாம் கோடு நேராக ஓடுகிறது,
சொன்ன பேச்சைக் கேட்பவர் போலும்.
இரவு இரண்டு பத்துக்கு எழுந்து
சரிகிறது: முப்பத்தெட்டுப் பாகை, நாற்பது நிமிடம்.
அத்தனை நிமிடமும் அது அதிர்ந்திருக்கிறது,
அத்தனை நிமிடமும் அவர் நிமிரவில்லை.
மறுநாளும் இரண்டு பத்து.
அதற்கு மறுநாளும்.
பத்தொன்பது இரவுகள்.

பால் குடிக்கும் பிள்ளையா,
குரல் போன ஒருவரின் வாயருகே வைத்த காதா,
கடன் கணக்கா,
எனக்கு எப்படித் தெரியும்.
கருவிக்கு எல்லாம் ஒரே கோணம்.
தலைகுனிவு என்றால் அவமானம் என்று
எவர் எழுதி வைத்தது?

இருபதாம் இரவு
இரண்டு பத்துக்குக் கோடு சரியவில்லை.
படுக்கவும் இல்லை, குனியவும் இல்லை,
விடியும்வரை நேர்.
பாராட்டி ஒரு பச்சை நட்சத்திரம்
கொடுத்திருக்கிறது சில்லு.

காரணக் கட்டத்தில்:
இனித் தேவையில்லை.

மணியாச்சு, பஸ் போய்விடும் என்றாள் போக்னா.
பொத்தானை மூன்று நொடி அழுத்தினால் அழியும்.
இரண்டாம் நொடியில் விரலை எடுத்தேன்.
பிறகு அழுத்தினேன்.
அழிந்ததற்கு அடையாளமாக
உள்ளங்கையில் ஒருமுறை அதிர்ந்தது;
என்னைச் சொல்கிறதென்று
சட்டென நிமிர்ந்துகொண்டேன்.

பெட்டியின் மேல் ‘புதியது போல’ சீட்டு.
கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டது.
அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.