மூடாக்கு

பங்குனி பாதியில் ஒரே ஒரு மழை.
கடையத்துக்கு மேற்கே மலையில் உருமிவிட்டு
எங்கள் பக்கம் அரைமணி நேரம் கொட்டியது.
பத்து நாள் கழித்துப் போனால்
எலுமிச்சைக்கும் எனக்கும் நடுவே முழங்கால் உயரப் பச்சை.

சாரணை, நாயுருவி, மூக்கிரட்டை,
பெயர் தெரியாத ஊதாப்பூ ஒன்று.
பார்த்தீனியம் மட்டும் கல்யாணத்துக்கு வந்தாற்போல
வெள்ளை வெள்ளையாகத் தலை நிமிர்த்தி.
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒரு அவசரமும் இல்லாமல் கோரை.

"ஒரு டேங்க் அடிச்சு விடுங்கக்கா,
ஒரே வாரத்துல காஞ்சிரும்" என்றான் மருந்துக்கடைப் பையன்.
போன வருசம் வடக்குத் தோட்டத்தில் தங்கப்பழம் அடித்தான்.
காற்று திரும்பி
என் முருங்கை முழுக்கச் சுருண்டது.
கடையில் எலிப்பொறி மட்டும் வாங்கிக்கொண்டு
பாவூர்சத்திரம் போய் மிஷினை நாள்வாடகைக்கு எடுத்தேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஆயில் எத்தனை மூடி?
மூன்று தடவை போன் போட்டுக் கேட்டேன்.
வார் தோளை அறுக்கிறது.
வெட்டுப்பட்ட பச்சை முகத்தில் தெறிக்கிறது,
உதட்டில் கசக்கிறது.
மரத்தூரை பிளேடு தொட்டால் மரம் போச்சு.
தூரைச் சுற்றிக் குத்தவைத்துப் பண்ணரிவாள்தான்.
பார்த்தீனியத்தைக் கையுறை போட்டு வேரோடு.
விதை கொட்டுவதற்கு முன்னால், அதுதான் கணக்கு.

கோரையிடம் அந்தக் கணக்கு செல்லாது.
மண்ணுக்குள் ஒரு கிழங்கு,
கிழங்கிலிருந்து ஒரு நூல்,
நூலின் முனையில் இன்னொரு கிழங்கு.
இழுத்தால் இலை என் கையில்,
நூல் அறுந்து மிச்சமெல்லாம் அதன் வீட்டில்.

வடக்கு ஓரத்தில் பிளேடு ணங்கென்றது.
பொறி பறந்தது. அணைத்தேன்.
கோரையை விலக்கினால்
ஒரு சாண் உயரம், தலையில் அம்புக்குறி.

பாகம் பிரித்த வருசம் காணாமல் போன கல்.
நான்தான் பிடுங்கினேன் என்றான் கொழுந்தன்.
அவன்தான் என்றேன் நான்.
பதினோரு வருசம்.
தாலுகா ஆபீஸ் மரபெஞ்சு,
சர்வேயருக்கு டீ, வடை,
சங்கிலி கொண்டுவர மறந்த சர்வேயருக்கு மறுபடி டீ.
யாரும் பிடுங்கவில்லை.

கல்லுக்கு அந்தப் பக்கம்
என் கையால் வைத்த மரம் இரண்டு.
இந்த வருசம்தான் கொத்துக் கொத்தாய்ப் பிஞ்சு.

மோட்டார் ரூம் பக்கமிருந்து தங்கப்பழம்,
"மதினி, மிஷின் நின்னுட்டா?"
பதினோரு வருசத்தில் என்னிடம் பேசிய
மூன்றாவது வார்த்தையோ நாலாவதோ.
"கல்லுல பட்டுட்டு."
"பிளேடு மழுங்கியிருக்கும். அரம் இருக்கு, தரட்டா?"

அவன் வரப்பு ஏறி வருவதற்குள்
கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.
உட்கார்ந்தபடியே வாங்கினேன்,
உட்கார்ந்தபடியே தீட்டினேன்.
கொஞ்ச நேரம் என் மரங்களைப் பார்த்து நின்றான்,
"காய்ப்பு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயந்திரம் வெட்டின புல்லையெல்லாம் வாரி
மரத்தடியில் பரப்பினேன், சித்திரை வெயிலுக்கு ஈரம் நிற்கும்.
வடக்கு ஓரத்தில் மட்டும் இரண்டு கூடை அதிகம்.
அதையும் துளைத்துக்கொண்டு கோரை வரும்,
பார்த்தபடிதான் இருக்கிறேன்.

அரத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.