அரைப்பேர்

பதுளை ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
வாயைத் திறக்கச் சொன்னார்கள்.
கன்னத்தின் உட்புறம் ஒரு பஞ்சுக்குச்சி,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
அவ்வளவுதான் என்றாள் தாதி.

ரோட்டை அகலிக்க வந்த பெக்கோ
பன்னிரண்டாம் நம்பர் மலையடியில்
வாளியை உயர்த்தியபோது
தேயிலை வேர் என்றுதான் நினைத்தானாம் டிரைவர்.
தாடை. ஒரு பக்கத்து விலா.
கழுத்தெலும்பு ஏழில் ஆறு.
காறையெலும்பு இரண்டும்.

லயம் சரிந்த அன்று பதினொரு பேரை எடுத்தார்கள்.
இருவரை எடுக்கவில்லை.
அக்கா தனபாக்கியம், தங்கச்சி பிரேமிளா.
ஆறு வருசம்.
அன்றைக்கு நான் குவைத்தில்
யாரோ ஒருத்தியின் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தேன்.

கொழும்பிலிருந்து கடிதம் வரப் பத்து மாதம்.
சிங்களத்தில் மூன்று பக்கம், எண்களாகவே ஒரு பக்கம்.
கிளார்க் கருணைராஜ் வாசித்துச் சொன்னார்:
கூடப் பிறந்தவள்தான், சந்தேகமில்லை.
எந்தக் கூடப் பிறந்தவள் என்று
எச்சில் சொல்லாதாம்.

தோட்டத்தில் இதற்கொரு சொல் உண்டு.
கொழுந்து நிறை குறைந்த நாளில்
கணக்கப்பிள்ளை செக்ரோலில் போடுவார்:
அரைப்பேர்.

டாக்டர் காறையெலும்பைக் கையிலெடுத்தார்.
நெஞ்சோடு சேரும் முனை
எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் மூடுமாம்,
இருபத்தைந்தைத் தாண்டி.
இது மூடவில்லை.
மழைத்தண்ணி ஓடிய மண்போல வரிவரியாக இருந்தது.
அக்காவுக்கு முப்பத்தொன்று.
அப்படியென்றால் பிரேமிளா, என்றேன்.

அவர் உடனே தலையாட்டவில்லை.
கழுத்தெலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து
விளிம்பில் முளைத்திருந்த முள்ளை
என் விரலால் தொடச் செய்தார்.
தலையில் கயிறு மாட்டி
முதுகில் கூடை சுமந்த கழுத்து மாதிரி என்றார்.
இந்த வயதுக்கு இது கூடுதல்.
தங்கை என்ன வேலை செய்தாள்?

படித்தாள், என்றேன்.
ஏ.எல். கொமர்ஸ்.
மாதம் எட்டாயிரம் அனுப்பினேன்
டியூசனுக்கும் பஸ்ஸுக்கும்.
ரசீதெல்லாம் இருக்கிறது என்றும் சொன்னேன்,
அவர் கேட்காமலே.

தோட்டத்து ஆபிசில் பழைய செக்ரோல்.
தனபாக்கியம், தனபாக்கியம், தனபாக்கியம்.
மாதத்துக்கு இருபத்திரண்டு முழுப்பேர்,
சரிவுக்கு முந்தின நாள் வரைக்கும்.
வெளியே நிறை போட நின்றவர்களில்
ராக்கம்மா மட்டும் வாய் திறந்தாள்:
ஒங்கக்கா எங்க புள்ள மலையேறுச்சு,
நெஞ்சு இழுத்துக்கிட்டு குழாயடிக்கே வராது.
பெரட்டுல அவ பேரக் கூப்புட்டா
ஏன்னு கேட்டது சின்னவதான்.
நாலு வருசம்.
ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா.

ஏட்டில் இருந்தவள் மலைக்குப் போகவில்லை.
மலைக்குப் போனவள் ஏட்டில் இல்லை.
எட்டாயிரம் எந்த மருந்தாய்ப் போனதென்று
கேட்க ஆளில்லை.

படிவம் நிரப்பினோம்.
பெயர்: பிரேமிளா.
தொழில் என்ற இடத்தில்
கருணைராஜின் பேனா நின்றது.
மாணவி, என்று போடவா?

கொழுந்து, என்றேன்.
கொஞ்சம் கழித்து
இரண்டையும் எழுதச் சொன்னேன்.
கோட்டில் இடம் போதவில்லை,
ஓரத்தில் ஏற்றி எழுதினார்.

ரோடு இப்போது அகலம்.
பண்டாரவளை பஸ் அந்த வளைவில்
வேகம் குறைப்பதில்லை.
அக்கா அதற்குக் கீழேதான் எங்கோ,
பெயர் முழுசாக இருக்கிறது அவளுக்கு.