எண்பதாவது விநாடி

சான் ருஃபினோ முகாமில் நானூறு பேர் இருந்தபோது
நொல்பெர்த்தோ கயோவைத் தவிர்க்க வழியே இல்லை.
ரொட்டி வரிசையில் முழங்கை இடிக்கும்.
சலவை எந்திரத்தில் அவன் காலுறை
என் சட்டைக்குள் சுருண்டு கிடக்கும்.
நாளுக்கு நாலு தரம் எதிரே வருவான்,
நாலு தரமும் முகம் அந்தப் பக்கம்.

என் அளவு தப்பென்று
எல்லார் முன்னும் சொன்னவன்.
தப்புத்தான்.

மோதுவதெல்லாம் வினையாகிவிடாது.
போதிய சூடு வேண்டும்,
வந்து இடிக்கும் கோணமும் வாய்க்க வேண்டும்.

பிறகு அயோடின் விலை விழுந்தது.
கலிச்சே தோண்டும் பிரிவில் பாதி,
ஆய்வுக்கூடத்தில் பாதி,
பேருந்தேறி அந்தோபகாஸ்தா போனார்கள்.
அரையை அரையால் பெருக்கினால் கால்.
இரண்டு பிரிவுக்கும் சாப்பாட்டுக் கூடத்தில்
வாரம் பன்னிரண்டு சண்டை நடக்கும்,
மூன்றாயிற்று.
ஒந்தினா தட்டுகளை எண்ணுவதைவிடச் சரியாக
இதை எண்ணி வைத்திருந்தாள்.

அவனும் போகவில்லை, நானும் போகவில்லை.
எங்கள் இருவருக்குச் சூத்திரம் உதவாது.
ஆனால் வரிசையே இல்லாத இடத்தில்
முழங்கை எப்படி இடிக்கும்?

மாதிரிப் பை சுமக்கும் பையனும் போய்விட்டதால்
ஜூலையில் ஓர் இரவு
அவனே கொண்டுவந்து மேசையில் வைத்தான்.
உட்கார் என்று சொல்ல வாய் வரவில்லை.
இரண்டு குவளை எடுத்தேன்.
இரண்டும் பார்க்கத் தண்ணீர்.
ஒன்றில் ஒந்தினாவின் சோளமாவுக் கஞ்சி
ஒரு கரண்டி கரைத்திருந்தது.
"முழுச் செறிவில் இருபது விநாடி.
பாதியில் நாற்பது.
இது கால். எண்பது பிடிக்கும்."

ஊற்றினேன்.
அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
நான் அவன் நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளை மண்ணை.
உள்ளே கோடிக்கணக்கில் தேடிக்கொண்டிருக்க
வெளியே ஒன்றுமே நடக்கவில்லை.
அறுபது.
எழுபது.
எண்பது.

"மறுபடியும் தப்பு," என்றான்,
இந்தத் தடவை கோபமில்லாமல்.
கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு
கதவுப் பக்கம் திரும்பினான்.

கணப்பு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.
செறிவைக் கணக்கிட்டவள்
பாலைவனத்துக் குளிரை விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றேழில்,
சாயல்கூடக் காட்டாமல்,
குவளை முழுக்க மை.

தாழ்ப்பாளில் கை வைத்தவனைப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
இரண்டு வருடத்தில் முதல் தரம்.
நீலத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"எப்போது?" என்றான்.